மூன்றாம் தீமேட்டுப் பின்சுவர்

ஷூச்சின் தன் வீடு இடிபடுவதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள். பொக்லைன் முதலில் அடுப்படிச் சுவரைச் சாய்த்தது. பிறகு கூரையைப் பிடித்து இழுத்ததும் கரி பிடித்த உத்தரங்கள் முறிந்து விழுந்தன. இத்தனை வருஷம் கூரைக்குள் அடைந்து கிடந்த மணல் மொத்தமும் கிளம்பி ஆளை மறைத்தது. அவள் முகத்தில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டுக் கத்தினாள்.

"போ, போய்த் தொல! உன்னக் கூட்டிக் கூட்டியே என் இடுப்பு போச்சு!"

இன்ஹுவா, பொக்லைன் ஆட்களுக்காக ஆட்டுக்கறி போட்டுச் செய்த நூடுல்ஸ் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் தீமேடு என்கிற அந்த ஊரில் இனி நிற்கப்போவது அவள் வீடு ஒன்றுதான்.

"என்னடி, துக்கத்துக்கு வந்தவ மாதிரி நிக்கிற?" என்றாள் ஷூச்சின்.

"உனக்கென்னக்கா. நாளைக்குப் புது ஊர்ல குழாயத் திருப்புவ, தண்ணி வரும். நான் இங்க பேயோட குடித்தனம் பண்ணணும்."

"பேயாவது ரெண்டு வார்த்த பேசும். கொழுந்தனார் அதுவும் பேச மாட்டாரே."

ஷூச்சினின் புருஷன் இன்ஹுவாவின் புருஷன் தேஷெங்குக்குப் பெரியப்பா மகன். அந்த உறவை வைத்துக்கொண்டு அவள் அடிக்கும் கிண்டலுக்கு அளவே கிடையாது.

எங்கள் வட்டத்தில் பழசுக்குப் பஞ்சமில்லை, பஞ்சமெல்லாம் தண்ணீருக்குத்தான். மணலுக்குள் பாதி புதைந்த ஒரு நகரம் இருக்கிறது. ஒட்டக வியாபாரிகள் தங்கிய சத்திரம் இருக்கிறது. எல்லைக்காவல் வீரர்கள் நெருப்பு மூட்டிச் சேதி சொன்ன தீமேடுகள் வடக்கே வரிசையாக நிற்கின்றன. ஊர்களுக்குக்கூட அவற்றின் பெயர்தான்: முதல் தீமேடு, இரண்டாம் தீமேடு, மூன்றாம் தீமேடு. கிணறுகளோ ஆழம் போகப் போக உப்பாகி, கசப்பாகி, கடைசியில் ஆடுகளே முகர்ந்துவிட்டுத் திரும்பிப்போகும் நிலைக்கு வந்தன. அதனால்தான் கிணறுகளை மூடிவிட்டு, ஜனங்களைக் கால்வாய்க்கரைப் புது ஊருக்கு மாற்றிவிட்டு, வயல்களில் மணல் பிடிக்கிற செடியை நட வேண்டும் என்று உத்தரவு வந்தது. உத்தரவில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய வீடு தரைமட்டமானதை அதிகாரிகள் கண்ணால் பார்த்தபிறகுதான் புது வீட்டுச் சாவி தருவார்கள். அதுவும் நியாயம்தான், இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் இரண்டு வீட்டையும் வைத்துக்கொள்வார்கள்.

இன்ஹுவாவின் வீட்டை மட்டும் இடிக்க முடியாது. அதன் பின்சுவர் தீமேட்டைச் சேர்ந்த பழைய கோட்டைச் சுவர் என்று எப்போதோ அளக்க வந்தவர்கள் சிவப்பு மையால் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டு உத்தரங்கள் அந்தச் சுவர் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. வீட்டை இடித்தால் சுவர் விழும். சுவர் விழுந்தால் ஜெயில். இடித்தால்தான் சாவி என்கிற அலுவலகமும், தொட்டால் ஜெயில் என்கிற அலுவலகமும் ஒரே கட்டடத்தில் ஒரே மாடியில் இருக்கின்றன. மத்தியானச் சாப்பாடுகூட இரண்டுக்கும் ஒரே சமையற்கட்டிலிருந்துதான் வருகிறது.

"பேசாம ஒண்ணு பண்ணு," என்றாள் ஷூச்சின், நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே. "விவாகரத்து எழுதி அந்த மனுஷனத் தீத்துவிட்டுட்டு வா. ஒண்டிக்கட்டைன்னா தனிக் குடும்பம். உனக்குன்னு ஒரு சாவி. சுவர அவரு கட்டிக்கிட்டு அழட்டும்."

பொக்லைன் ஓட்டுபவன் புரை ஏறும்வரை சிரித்தான். இன்ஹுவாவும் சிரித்தாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது அந்தப் பேச்சு மட்டும் கல் மாதிரி நெஞ்சுக்குள் கிடந்தது. கல் என்றால் அவளுக்கு இன்னொரு கல்லும் உண்டு. சிறுநீரகத்தில் சேர்ந்து இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்த கல். தண்ணீரை மாற்றாவிட்டால் மறுபடி வராதே, நேராகப் பிணத்தை எடுத்துக்கொண்டு போக ஆளை அனுப்பு என்று டாக்டர் திட்டித்தான் அனுப்பியிருந்தார்.

தேஷெங் மேட்டடியில் இருந்தான். ஜீப்பில் வந்திருந்த நகரத்து ஜோடி ஒன்றுக்கு, கையில் காவல்காரருக்கான சிவப்புப் பட்டையோடு, விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசாத மனுஷன் இங்கே மட்டும் மடை திறந்தமாதிரி பேசுவான்.

"ஹான் அரசர் காலத்துல கட்டினது. மிங் அரசர் காலத்துல பூசி எடுத்தாங்க. பகல்ல புகை, ராத்திரில நெருப்பு. எதிரி கொஞ்சப் பேர்னா ஒரு புகை, படையே வந்தா அஞ்சு புகை. ஓநாய்ச் சாணியப் போட்டு எரிச்சா புகை காத்துல கலையாம நேரா மேல போகும்."

"நீங்க எரிச்சுப் பாத்திருக்கீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஓநாய்க்கு எங்க போறது? இங்க மிச்சமிருக்கிறது நாங்க ரெண்டு பேருதான்."

இன்ஹுவா அவர்கள் போகும்வரை காத்திருந்தாள். பிறகு அவனை வீட்டுக்குக் கூட்டிப்போய், ஊறுகாய்க் காயும் தண்ணீர் நூடுல்ஸும் வைத்தாள். கறியெல்லாம் பொக்லைன்காரர்களுக்குப் போய்விட்டது. அவன் கசப்புத் தேநீரை உறிஞ்சிவிட்டு நூடுல்ஸில் குனிந்தான்.

"நாளைக்கு அந்தத் தொல்பொருள் ஆபீஸ் நிங் பொண்ணு வருதாம்," என்றாள். "கெணத்த மூடுற ஆளுங்களோட. சாவி விவகாரத்துக்கு அதுதான் கடைசி நாளாம்."

"ம்."

"சொல்லிருங்க யாலான் அப்பா. அந்தச் சுவர நாமதான் கட்டினோம்னு சொல்லிருங்க."

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

அந்தச் சுவர் அவர்கள் கட்டியதுதான். கல்யாணமான முதல் வசந்தத்தில், ஆட்டுப்பட்டிக்காக. தீமேட்டிலிருந்து கோட்டைச் சுவரின் அடித்தடம் ஒன்று முழங்கால் உயரத்துக்கு நீண்டு வந்து, இவர்கள் கொல்லையில் முடிந்தது. அதோடு ஒட்டி எழுப்பினால் வேலை மிச்சம் என்று மாமனார் சொன்னார். மண்ணும் தீமேட்டின் சரிந்த அடிவாரத்திலிருந்தே வந்தது. அந்தக் காலத்தில் அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. பழைய மண் இறுகிப் பிடிக்கும், வயலில் போட்டால் எருவாகவும் ஆகும் என்று ஊரே வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போனது. ஒரு அடுக்கு மண், அதன் மேல் நாணலும் சிறுசவுக்குக் குச்சியும் ஒரு அடுக்கு, மறுபடி மண். பலகை கட்டி, திமிசுக் கட்டை போட்டு இடித்துக்கொண்டே மேலே போவது. ஹான் வீரர்கள் கட்டியதும் அப்படித்தான், எங்கள் ஆட்கள் பன்றிக்கொட்டில் கட்டுவதும் அப்படித்தான். வேறு விதமாகக் கட்ட இங்கே யாருக்கும் தெரியாது.

தேஷெங் ஒரு பக்கமும் இன்ஹுவா ஒரு பக்கமும் திமிசின் கயிற்றைப் பிடித்துத் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். புதுப்பெண்ணின் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். சுவர் முடிந்த அன்று மாமனார் வழக்கப்படி இரும்பு முளையை எடுத்துவந்து சுத்தியலால் அடித்துப் பார்த்தார். முளை விரல் நீளம் இறங்கினால் கட்டியவன் பிரித்துக் கட்ட வேண்டும், இறங்காவிட்டால் பார்த்தவன் சாராயம் வாங்கித் தர வேண்டும். முளை வளைந்தது, இறங்கவில்லை. மாமனார் சாராயம் வாங்கித் தந்தார். மகனுக்கு ஊற்றியதுபோலவே மருமகளுக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினார். பிற்பாடு ஆடு குறைந்து, பட்டியையே வீட்டோடு சேர்த்துக் கூரை போட்டுக்கொண்டார்கள்.

"அன்னைக்கு அளக்க வந்தவன் கேட்டப்பவே வாயத் தொறந்திருக்கலாம்," என்றாள் இன்ஹுவா.

"எப்படித் தொறக்க? தீமேட்டு மண்ணு அள்ளுனவனப் பிடிச்சு உள்ள வைக்கிறாங்கன்னு அன்னைக்குத்தான் ஒலிபெருக்கில கத்திட்டுப் போனாங்க. மண்ணு ஏதுன்னு கேட்டா என்ன சொல்ல? தாத்தா காலத்துலயே இருந்துச்சுன்னு சொன்னேன். அவரு என் கையப் பிடிச்சுக் குலுக்கி சிகரெட்டு குடுத்தாரு."

"சிகரெட்டு குடுத்தாரு, அப்புறம் காவக்காரப் பட்டையும் குடுத்தாரு. நீங்களும் மாட்டிக்கிட்டீங்க, என்னையும் சேத்து மாட்டிவிட்டீங்க."

"இப்ப போய்ச் சொன்னா? தீமேட்டுக் காவக்காரனே தீமேட்டத் தோண்டிப் பட்டி கட்டினான்னு வட்டம் பூராச் சிரிக்கும். சிரிச்சுட்டு உள்ள வைக்கும்."

"அன்னைக்கு நீங்க காவக்காரனா? ஊரே தோண்டுச்சு. ஷூச்சின் அக்கா வெள்ளரிக்கு எரு வேற எங்கிருந்து வந்துச்சாம்?"

"ஊரு போயிருச்சுல்ல," என்றான் தேஷெங். "இருக்கிறவன் நான் ஒருத்தன்தானே."

இன்ஹுவா தன் கிண்ணத்து நூடுல்ஸில் பாதியை எடுத்து அவன் கிண்ணத்தில் போட்டாள். கோபம் வந்தால் அவள் அப்படித்தான் செய்வாள்.

மறுநாள் காற்று மோசமாக இருந்தது. நிங் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். தொல்பொருள் பிரிவில் புதிதாக வந்தவள். பழைய பொருள் என்றால் உண்மையாகவே உருகுகிறவள். போனதடவை வந்தபோது தீமேட்டின் மண்ணை உள்ளங்கையால் தடவியதைப் பார்த்து இன்ஹுவாவுக்கே அவள்மேல் பிரியம் வந்துவிட்டது. பின்னால் ஒரு லாரியில் கிணறு மூடுகிறவர்கள் சிமெண்டோடு வந்தார்கள்.

"கண்ணு, கெணத்த மூடுறதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள் இன்ஹுவா.

"சொல்லுங்கக்கா."

"அந்தப் பின்சுவரு பழசு இல்ல. நானும் இவரும் கட்டினது. எனக்குக் கல்யாணமான வருஷம்."

நிங் தேஷெங்கைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த சிவப்புப் பட்டையை நேர்செய்துகொண்டான்.

"தண்ணி போகுதேங்கிற கவலையில ஒளறுறா," என்றான். "நேத்து ராத்திரி பூரா தூங்கல. கண்டுக்காதீங்க."

இன்ஹுவா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொண்டை ஊசியை உருவிக்கொண்டு, "வா கண்ணு, காட்டுறேன்" என்று நிங்கின் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் இழுத்துப்போனாள். மணல் அங்கே சுவரில் பாதி உயரத்துக்கு ஏறிக் கிடந்தது. மண்டி போட்டு மணலைக் கைகளால் தள்ளினாள். நாணல் அடுக்குகளைக் கீழிருந்து விரலால் தொட்டு வந்து, ஓரிடத்தில் ஊசியால் குத்திக் கெல்லினாள். தேஷெங் பின்னால் வந்து நின்றான்.

சில்லு ஒன்று வந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. வெள்ளைப் பீங்கான். அதில் சிவப்புப் பூ ஒன்றும், கல்யாணக் கிண்ணங்களில் பொன்நிறத்தில் எழுதுகிற ஜோடி மகிழ்ச்சி எழுத்தில் சரிபாதியும் இருந்தன.

"என் சீர்க்கிண்ணம்," என்றாள் இன்ஹுவா. "தண்ணி குடிக்கக் குடுத்தேன், தடிமாடு மாதிரி கீழ போட்டு ஒடச்சாரு. நான் அழுதேன். அழாத, இதுவும் மண்ணுல கெடக்கிற பழைய ஓட்டோட ஓடா இருக்கட்டும்னு உள்ள போட்டு இடிச்சுட்டாரு. அப்பல்லாம் என்கூடப் பேசுவாரு."

நிங் சில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. பிறகு அது மெல்லப் போனது.

"நீங்க சொல்றது நெசந்தான்க்கா. சுவரு உங்களோடதுதான்."

"அப்பாடி," என்றாள் இன்ஹுவா. ஊசியைக் கொண்டையில் திரும்பச் செருகிக்கொண்டாள்.

"ஆனா மண்ணு?"

"மண்ணா?"

"உள்ள இவ்வளவு பழைய ஓடு கிடக்குதே. இது தீமேட்டு மண்ணுதானே? தீமேட்டு மண்ணு எங்க இருந்தாலும் தீமேடுதான். எடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். இதையும் தொடக்கூடாது. இடிச்சு அள்ளிப்போடவும் முடியாது, கொண்டுபோய் அங்கயே கொட்டவும் முடியாது."

"நாங்க திமிசு போட்ட மண்ணு கண்ணு! ஆட்டுப்புழுக்கை கிடந்த மண்ணு!"

"தெரியுதுக்கா. நான் மேலிடத்துக்கு எழுதிக் கேக்கலாம். எழுதினா, மண்ண எடுத்தது யாருன்னுதான் அவங்க முதல்ல கேப்பாங்க." நிங் தேஷெங்கைப் பார்க்காமல் பேசினாள். "நீங்க சொன்னா எழுதுறேன். சொல்லலேன்னா, நான் இந்தப் பக்கம் வரவே இல்ல."

தேஷெங் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எழுது என்று சொல்ல இன்ஹுவாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அந்த மனுஷனின் நரைத்த பிடரியையும், அவன் பிடித்துக்கொண்டிருந்த சிவப்புப் பட்டையையும் பார்த்தாள்.

"எழுத வேணாம்," என்றாள்.

நிங் சில்லை அதே பொந்துக்குள் வைத்து, கட்டைவிரலால் மண்ணை அழுத்தி மூடினாள். எழுந்து கண்ணாடியைத் துடைத்தாள். அழுதாளா, மணலா என்று தெரியவில்லை.

"தண்ணி வண்டி வாரம் ஒருக்கா வர ஏற்பாடு பண்ணியிருக்கேன். கால்வாய்த் தண்ணி, நல்ல தண்ணி. நாளைக்கே வரும். அதுலயே கல்லும் வருது. வீட்டு முன்னால நடணும்."

"என்ன கல்லு?"

"பாதுகாக்கப்பட்ட சின்னம்னு எழுதின கல்லு. இங்க உள்ள எதையும் இடிக்கக்கூடாது, இடம் மாத்தக்கூடாதுன்னு."

"எங்களையும் சேத்தா?" என்று கேட்டாள் இன்ஹுவா. நிங் ஜீப்பை நோக்கி நடந்தாள்.

கிணற்றுக்குள் சிமெண்ட் இறங்கும் சத்தம் வீட்டுக்குள்வரை கேட்டது. சாயங்காலம் ஷூச்சின் சாமான் லாரியில் மெத்தை மூட்டைமேல் உட்கார்ந்து வந்தாள். லாரியை நிறுத்தச் சொல்லி இறங்கி, இன்ஹுவாவைக் கட்டிப்பிடித்தாள். கிண்டல் ஒன்றும் வரவில்லை. ஒரு பை உலர்ந்த மணல் இலந்தைப் பழத்தைக் கையில் திணித்துவிட்டு ஏறிப்போய்விட்டாள்.

மறுநாள் காலையில் இன்ஹுவா குடத்தின் அடியில் கிடந்த கடைசிக் கசப்புத் தண்ணீரில் கஞ்சி வைத்தாள். தேஷெங் மண்கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கஞ்சியைத் தொடாமல் தொண்டையைச் செருமினான்.

"ஷூச்சின் மதினி சொன்னதா பொக்லைன்காரன் சொன்னான். அது தப்பில்ல."

"எது?"

"தீத்துக்கிறது. பேப்பர்ல மட்டுந்தான். தனிக்குடும்பம்னா இன்னும் சாவி குடுக்கலாம்னாங்க. நேத்து ஜீப்பு கெளம்புறப்ப அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டுட்டேன். நீ அங்க போய் நல்ல தண்ணி குடி. மக யாலான் பிரசவத்துக்கு வந்தா எறங்க ஒரு வீடும் ஆச்சு. நான் இங்க கெடக்கேன். எப்பவாவது வந்து பாத்துட்டுப் போ."

வருஷக்கணக்கில் அவனாக வாயெடுத்து அவளிடம் இத்தனை வார்த்தை பேசியதில்லை. பேசியதும் இதைத்தான். இன்ஹுவா கஞ்சிக் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனாள். கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், பொழுது விடிந்த வெளிச்சத்தில், சிவப்பு மைக் குறிக்கு மேலேயே ஓங்கிப் போட்டாள்.

கடப்பாரை துள்ளித் திரும்பியது. மறுபடி போட்டாள். மறுபடியும்.

"சாவி வேணுமாம் சாவி! ஒரு சாவிக்காக என்னத் தீத்துவிடுவீங்களோ! விழு! விழுந்து தொல!"

தேஷெங் ஓடிவந்தான். தடுக்கத்தான் வருகிறான் என்று அவள் கடப்பாரையை இறுக்கிப் பிடித்தாள். அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி அதை வாங்கினான். கையிலிருந்த சிவப்புப் பட்டையை உருவி, மடித்து, சட்டைப்பைக்குள் வைத்தான். பிறகு எட்டி நின்று, மூச்சைப் பிடித்து, அவள் அடித்த இடத்திலேயே அடித்தான்.

தூசிதான் கிளம்பியது. அவன் களைத்ததும் அவள் வாங்கினாள், அவள் களைத்ததும் அவன் வாங்கினான். ஒன்றிரண்டு வெள்ளைத் தழும்புகளும், ஒரு சிரட்டை அளவு பள்ளமும் விழுந்தன. நாணல் அடுக்கு ஒன்றின் நுனி வெளியே நீட்டியது; நேற்று அறுத்ததுபோல மஞ்சளாக இருந்தது. கடைசியில் இருவரும் மணல்மேல் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அவன் மூச்சு இளைத்தது.

"நல்லாத்தான் கட்டித் தொலச்சிருக்கோம்," என்றான்.

இன்ஹுவாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து அது அழுகையாகி, முகத்துணியில் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"ஒங்கப்பன் வாங்கித் தந்த சாராயம் செல்லும்," என்றாள். "இன்னொருக்கா தீத்துக்கிற பேச்ச எடுத்தா, ஒங்களயும் இதுக்குள்ள வச்சுத் திமிசு போட்டுருவேன்."

அவன் தலையாட்டினான். தெற்கே பாதையில் தூசி எழுந்தது. தண்ணீர் வண்டி. அதில்தான் கல்லும், கல்லை நட ஆட்களும் வருகிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிச் சுவரைப் பார்த்தார்கள். சிவப்புக் குறிக்கு நடுவில் பள்ளம் பளிச்சென்று தெரிந்தது.

தேஷெங் அவசரமாக மண்ணைக் குவித்தான். குழைக்கத் தண்ணீர் இல்லை. இன்ஹுவா குடத்தை எடுத்துக்கொண்டு பாதைக்கு ஓடினாள். டிரைவர் குழாயைத் திறந்ததும் தண்ணீர் தெளிவாக, சில்லென்று கொட்டியது. அவள் உதடெல்லாம் வெடித்திருந்தது. ஒரு வாய் குடிக்கலாம் என்று குனிந்தாள். பின்னால் ஆட்கள் கல்லை இறக்குவதற்குக் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

குடிக்காமலே நிமிர்ந்து, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் வேகமாக நடந்தாள். அவன் மண்டிபோட்டுக் காத்திருந்தான். நல்ல தண்ணீரில் முதல் குவளையை மொண்டு அவள் மண்ணில் ஊற்றினாள். அவன் குழைத்துக் கொடுக்க, இருவருமாகச் சேர்ந்து சுவரைப் பூசினார்கள்.